லோன் அப்ரூவ் ஆகிவிட்டது, பணம் ஏன் வரவில்லை? சேலத்தில் முதல் வீடு வாங்குவோருக்கு ஒரு விளக்கம்

2025-ன் தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை, ரிசர்வ் வங்கி நான்கு முறை குறைத்து, ஆண்டு முடிவதற்குள் 5.25-க்குக் கொண்டுவந்தது. வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் 2019 அக்டோபர் முதல் வெளி அளவுகோல் ஒன்றோடு, பெரும்பாலும் இந்த ரெப்போவோடு, கட்டப்பட்டிருப்பதால் வீட்டுக்கடன் வட்டியும் இறங்கியது. வாடகை கொடுப்பதற்குப் பதில் இ.எம்.ஐ. கட்டிவிடலாமே என்று கணக்குப் போட்டவர்கள் வீடு பார்க்கக் கிளம்பினார்கள்.

கடன் கேட்டு விண்ணப்பித்த இரண்டாம் நாளே போன் வருகிறது: "சார், உங்க லோன் அப்ரூவ் ஆயிடுச்சு." அதை நம்பி வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதத்தில் கிரயம் என்று ஒப்பந்தமும் போட்டாகிறது. அதன் பிறகு ஆறு வாரம் ஓடினாலும் பணம் வருவதில்லை. கேட்டால் "லீகல்ல இருக்கு", "வேல்யூவேஷன்ல இருக்கு", "மேல போயிருக்கு" என்கிறார்கள்.

அப்ரூவ் ஆன கடன் எதற்காக இன்னும் லீகலில் இருக்கிறது? முதல் வீடு வாங்குகிறவர்களை அதிகம் குழப்புவது இந்த இடம்தான்.

ஒரே சொல், இரண்டு ஒப்புதல்

வீட்டுக்கடனில் வங்கி இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்கு விடை தேடுகிறது. இந்த ஆள் திருப்பிக் கட்டுவாரா என்பது ஒன்று. கட்டாமல் போனால் இந்த வீட்டை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பது மற்றொன்று.

இரண்டாம் நாள் போனில் வருவது முதல் கேள்விக்கான விடை மட்டும்தான். சம்பளம், சிபில் (கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்பதைக் காட்டும் மதிப்பெண்), பழைய கடன்கள் ஆகியவற்றைக் கணினி பார்த்து, "இவருக்கு இவ்வளவு வரை கொடுக்கலாம்" என்று சொல்கிறது. இதைக் கொள்கை அளவிலான ஒப்புதல் என்பார்கள். எந்த வீடு என்பதே அப்போது வங்கிக்குத் தெரியாது. சில வங்கிகள் இதற்கே முறையான சாங்ஷன் கடிதம் தருகின்றன. அந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் "சொத்தின் சட்ட ஆய்வும் மதிப்பீடும் திருப்தியாக இருந்தால்" என்று ஒரு வரி இருக்கும். மற்ற எல்லா வரிகளும் அந்த ஒன்றைச் சார்ந்தவை.

இரண்டாவது ஒப்புதல் வீட்டுக்கானது. சேலத்தைப் போன்ற பழைய ஊரில் நாட்கள் கரைவது பெரும்பாலும் இங்கேதான். காத்திருப்பவரோ தன் சம்பளத்திலும் சிபிலிலும்தான் ஏதோ குறை என்று நினைத்துத் தவித்துக்கொண்டிருப்பார்.

ஃபைல் போகும் வழி

பெயர்கள் வங்கிக்கு வங்கி மாறலாம். வரிசை ஏறக்குறைய இதுதான்:

1. லாகின். விண்ணப்பம், அடையாளச் சான்றுகள், சம்பளச் சீட்டு அல்லது வருமான வரி ரிட்டர்ன், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் உள்ளே போகும். பிராசஸிங் கட்டணம் வாங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கடன் கிடைக்காவிட்டால் அது திரும்புமா என்பதைக் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

2. நேரில் சரிபார்ப்பு. வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் ஒருவர் வருவார். பக்கத்து வீட்டில் விசாரிப்பதும் உண்டு. ஆள் இல்லாத நேரத்தில் வந்து, "வீடு பூட்டியிருந்தது" என்று அவர் எழுதிவிட்டுப் போனால் ஒரு வாரம் போச்சு.

3. கொள்கை அளவிலான ஒப்புதல்.

4. லீகல். வங்கியின் பட்டியலில் உள்ள வக்கீல் பத்திரங்களைப் படித்துச் சட்டக் கருத்து எழுதுவார்.

5. வேல்யூவேஷன். பொறியாளர் வீட்டை அளந்து மதிப்புப் போடுவார். பெரிய தொகையென்றால் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள்.

6. இறுதி சாங்ஷன். இதனுடன் முக்கிய விவரத் தாள் ஒன்றும் தர வேண்டும். வட்டி, கட்டணங்கள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை அது ஒரே எண்ணில் காட்டும். 2024 அக்டோபர் 1 முதல் இது கட்டாயம்.

7. கிரயம், பணம், அடமானம். சார்பதிவாளர் அலுவலகத்தில் விற்பவர் கையெழுத்துப் போடும்போது வங்கியின் டிடி அவர் கைக்குப் போகும். பத்திரம் வங்கிக்குப் போகும். உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததற்கான பத்திரமும் பதிவாகும். பேச்சுவழக்கில் இதை எம்.ஓ.டி. என்கிறார்கள். அன்று முதல் உங்கள் வீட்டு வில்லங்கச் சான்றில் வங்கியின் பெயர் ஏறும்.

விற்பவருக்கே அந்த வீட்டின் மேல் கடன் இருந்தால் ஒரு சுற்று கூடும். உங்கள் வங்கி அவருடைய கடனை அடைக்க வேண்டும். அவருடைய வங்கி பத்திரத்தை விடுவித்து, பழைய எம்.ஓ.டி.யை ரத்து செய்யும் ரசீதையும் பதிந்து தர வேண்டும். கடன் அடைந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தன் பக்கத் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் இந்த ஒரு காரணத்துக்காகவே மாதக்கணக்கில் இழுத்த கிரயங்கள் உண்டு.

உங்களைப் பற்றிய விசாரணை

சிபில் மதிப்பெண் 300-ல் தொடங்கி 900 வரை போகும். பொதுவாக 750-க்கு மேல் இருந்தால் பேச்சு சுலபம். இதுவரை கடனே வாங்காதவருக்கு மதிப்பெண்ணே இருக்காது. வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறைக் கடன்காரரை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025-ல் சொல்லிவிட்டது. அதற்காகக் கேள்வியே கேட்காமல் கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். வருமானத்தை இன்னும் நுணுக்கிப் பார்ப்பார்கள்.

சிபில் தவிர இன்னும் மூன்று கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வீடு தேடத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அதை எடுத்துப் பார்ப்பது நல்லது. எப்போதோ அடைத்த நகைக்கடன் இன்னும் திறந்திருப்பதாகக் காட்டும். நண்பருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து அதில் நிற்கும். புகார் கொடுத்தால் 30 நாளில் சரிசெய்ய வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது விதி. அந்த 30 நாள், ஒப்பந்தம் போட்ட பிறகான 30 நாளாக இருந்தால் சிக்கல்.

அடுத்தது இ.எம்.ஐ. கணக்கு. கைக்கு வரும் மாத வருமானத்தில் ஏறக்குறைய பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்பது வங்கிகள் பொதுவாக வைத்திருக்கும் அளவு. வருமானத்தைப் பொறுத்து இது சற்று ஏறும், இறங்கும். ஒருவருக்குக் கையில் 60,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி 30,000. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கான தவணை 868 ரூபாய். ஆக, சுமார் 34.5 லட்சம் வரை கடன் வரும். அவருக்கு மாதம் 4,500 ரூபாய் பைக் தவணை ஏற்கெனவே ஓடுகிறது என்றால் 25,500 ரூபாய்தான் மிச்சம். கடனும் 29.4 லட்சத்துக்கு இறங்கிவிடும். சில மாதங்களில் முடிந்துவிடப் போகிற ஒரு பைக் தவணை ஐந்து லட்சத்தைத் தின்றுவிட்டது. முடிந்தால் அதை முதலில் அடைத்துவிட்டு, அடைத்த கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம்.

சம்பளக்காரருக்கு இவ்வளவுதான். சேலத்தில் பாதி ஊர் சம்பளக்காரர் இல்லை என்பதுதான் விஷயம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே பட்டறை வைத்து வெள்ளிக் கொலுசு செய்கிறவர், அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறவர், ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு ஏற்றும் லாரி வைத்திருப்பவர் என்று பலருக்கும் வருமானம் உண்டு, காகிதம் இல்லை. வங்கி கேட்பது இரண்டு அல்லது மூன்று ஆண்டு வருமான வரி ரிட்டர்ன். கடன் கேட்பதற்கு முந்தின வாரம் சேர்த்து வைத்துத் தாக்கல் செய்த ரிட்டர்னை அவர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும் ஆண்டுதோறும் நேரத்துக்குத் தாக்கல் செய்து வந்தவருக்கு இங்கே வேலை எளிது.

காகிதம் இல்லாதவர்கள் போய்ச் சேருவது வீட்டுவசதி நிதி நிறுவனங்களிடம். அவர்கள் பட்டறைக்கே ஆள் அனுப்பி, மாதம் எத்தனை கிலோ வெள்ளி ஓடுகிறது, கூலி எவ்வளவு, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று பார்த்து, வருமானத்தைத் தாங்களே மதிப்பிடுகிறார்கள். அது பயனுள்ள சேவைதான், ஆனால் வட்டி அதிகம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரெப்போவோடு கட்ட வேண்டும் என்ற விதி வங்கிகளுக்கானது. இந்த நிறுவனங்களுக்கு அது பொருந்தாது. வட்டி குறைந்தது என்ற செய்தி அவர்களுடைய வாடிக்கையாளரிடம் தானாகப் போய்ச் சேராது.

வீட்டைப் பற்றிய விசாரணை

வங்கி வக்கீல் ஒரு வீட்டின் பத்திரங்களைச் சங்கிலியாகப் படிக்கிறார். இன்று விற்பவருக்கு யார் விற்றார், அவருக்கு யார் கொடுத்தார் என்று பொதுவாக 30 ஆண்டு பின்னால் போவார். ஒரு கண்ணி விடுபட்டாலும் 'க்வெரி' போடுவார், அதாவது விளக்கமோ ஆவணமோ கேட்டு எழுதுவார். சேலத்தில் அடிக்கடி விடுபடும் கண்ணிகள் இவை:

1. வாரிசுகள். அப்பா பெயரில் இருந்த வீட்டை இரண்டு மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பாகம் பிரித்திருப்பார்கள். கல்யாணமாகிப் போன அக்காவின் கையெழுத்து இருக்காது. "சீர் செஞ்சு அனுப்பியாச்சே" என்பது குடும்பத்தின் கணக்கு. சட்டத்தின் கணக்கு வேறு. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகளுக்கும் சம பங்கு என்பது 1956-லிருந்தே இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் திருத்தம் கொண்டுவந்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் அது வந்தது. ஆகவே வக்கீல் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, விடுபட்ட மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று கேட்பார். அந்த அக்கா வெளிநாட்டில் இருந்தாலோ, தம்பிகளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாலோ உங்கள் கடன் அங்கேயே நின்றுவிடும். இதில் நீங்களோ உங்கள் வங்கியோ செய்யக்கூடியது எதுவும் இல்லை, விற்பவர்தான் போய்ப் பேச வேண்டும்.

2. பட்டா. பத்திரம் ஒருவர் பெயரிலும் பட்டா வேறொருவர் பெயரிலும் இருப்பது இங்கே சர்வ சாதாரணம். 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆர். பதிவில் விழுந்த பிழைகள் இன்னும் பல கிராமங்களில் திருத்தப்படாமல் கிடக்கின்றன. பிரித்து விற்ற மனைகளுக்கு உட்பிரிவு செய்யாமல் கூட்டுப் பட்டாவாகவே விட்டிருப்பார்கள். கூட்டுப் பட்டாவை ஏற்கும் வங்கிகளும் உண்டு, தனிப் பட்டா வந்தால்தான் பணம் என்பவர்களும் உண்டு. உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அது அவர் வரும் நாளைப் பொறுத்தது.

3. நத்தம். ஊருக்குள் இருக்கும் பழைய வீடுகள் பல நத்தம் நிலத்தில், அதாவது குடியிருப்புக்கென்று ஒதுக்கிய ஊர் நிலத்தில் நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கேயே குடியிருக்கிறார்கள், மூலப்பத்திரம் என்று எதுவும் கிடையாது. இறுதி செய்யப்படாத தோராயப் பட்டா மட்டும் இருந்தால் பெரும்பாலான வங்கிகள் தயங்கும்.

4. அங்கீகாரம் இல்லாத மனை. அயோத்தியாப்பட்டணம், ஓமலூர் சாலை, கொண்டலாம்பட்டி என ஊர் விரிந்த பக்கமெல்லாம் இந்தச் சிக்கல் இருக்கிறது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த ஆண்டு அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்குத்தான் அதில் இடம். வரன்முறைக் கட்டணம் கட்டி ஆணை வாங்கியிருந்தால் கடன் கிடைக்கும். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்று தரகர் சொன்னால், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டி.டி.சி.பி.யின் எண்ணைக் கேளுங்கள்.

5. கட்டட வரைபடம். தரைத்தளத்துக்கு அனுமதி வாங்கி, மாடியை அனுமதி இல்லாமல் எழுப்பியிருப்பார்கள். பல வங்கிகள் மாடிக்கு மதிப்பே போடாது. இரண்டு தள வீட்டின் விலையைக் கொடுத்து, ஒரு தளத்துக்கான கடனை வாங்க வேண்டிவரும்.

6. தொலைந்த மூலப்பத்திரம். நகல் எடுத்துக்கொடுத்தால் போதும் என்று விற்பவர் நினைப்பார். தொலைந்த பத்திரம் வேறெங்கோ அடமானத்தில் இருக்கலாமே என்பது வங்கியின் பயம். போலீசில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழில் அறிவிப்பு, சான்றிட்ட நகல் என்று போகும். இவ்வளவும் செய்த பிறகும் சில வங்கிகள் வேண்டாம் என்றுவிடும்.

வில்லங்கச் சான்றை, அதாவது இ.சி.யைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975 முதல் நீங்களே எடுத்துப் பார்க்கலாம். அதற்கு முந்தையது என்றால் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். ஊர் வளர வளரச் சார்பதிவாளர் அலுவலக எல்லைகள் மாறியதால், ஒரே நிலத்தின் பழைய பதிவு ஓர் அலுவலகத்திலும் புதிய பதிவு இன்னொன்றிலும் இருக்கலாம். ஒன்றில் மட்டும் எடுத்த இ.சி. சுத்தமாக வந்தால் அதை வைத்து நிம்மதியடைய முடியாது. இரண்டிலும் எடுக்க வேண்டும்.

இவ்வளவு குடைச்சல் எதற்கு என்று கோபம் வரும். எனக்கு இதில் வேறு கருத்து. அந்த வக்கீலுக்கு நீங்கள்தான் கட்டணம் கட்டுகிறீர்கள், அவர் கண்டுபிடிக்கும் ஓட்டை உங்கள் தலையில் விழவிருந்தது. கடன் வாங்காமல் முழுப் பணத்தையும் கையில் வைத்து வீடு வாங்குகிறவர்தான் இந்தச் சோதனை எதுவும் இல்லாமல் ஏமாறுகிறார்.

மதிப்பு குறைந்தால் யார் கையில் கடிக்கும்?

வீட்டின் மதிப்பில் எவ்வளவு கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. கடன் 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதையும் தாண்டினால் 75 சதவீதம். இங்கே மதிப்பு என்பது பேசிய விலையா, பொறியாளர் போட்ட விலையா? இரண்டில் எது குறைவோ அதையே வங்கி எடுத்துக்கொள்ளும். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் இதில் சேராது. 10 லட்சத்துக்குள்ளான சிறிய வீடுகளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு.

அழகாபுரத்தில் 48 லட்சத்துக்கு ஒரு வீடு பேசி முடிக்கிறீர்கள். 80 சதவீதம் என்றால் 38.4 லட்சம் கடன், கையிலிருந்து 9.6 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். அது 4.32 லட்சம். மொத்தம் சுமார் 14 லட்சம் திரட்டினால் போதும் என்று நகைச்சீட்டு, மாமனார், பி.எஃப். எல்லாவற்றையும் கூட்டி வைத்திருக்கிறீர்கள். பொறியாளர் வந்து 42 லட்சம்தான் தேறும் என்று எழுதுகிறார். கடன் 33.6 லட்சமாகிறது. நீங்கள் கொடுக்க வேண்டியதோ அதே 48. இப்போது கையிலிருந்து 14.4 லட்சமும் பதிவுச் செலவு 4.32 லட்சமும் சேர்ந்து 18.72 லட்சம் வேண்டும். கூடுதலாக வேண்டிய 4.8 லட்சத்தை ஒப்பந்தக் கெடு முடிவதற்குள் புரட்ட வேண்டும். பலர் இந்தக் கட்டத்தில் தனிநபர் கடனுக்குப் போகிறார்கள். அந்தத் தவணை வீட்டுக்கடன் தகுதியையே குறைத்து, கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வைக்கும்.

சதவீதத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. "பத்திரத்துல 30 போட்டுக்கலாம், மீதியைக் கையில குடுத்துடுங்க" என்று விற்பவர் சொல்வது. அரசின் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மிச்சம் ரொக்கம் என்பது இந்தப் பக்கத்தில் பழைய பழக்கம். வங்கிக்குத் தெரிந்தது பத்திரத்தில் உள்ள 30 மட்டுமே, கடனும் அதற்குத்தான். ரொக்கத்துக்கு வங்கி கடன் தராது. அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. பின்னால் நீங்கள் விற்கும்போது, வாங்கிய விலை 30 என்றே கணக்காகி, கொடுத்த காசுக்கும் சேர்த்து லாப வரி கட்ட வேண்டிவரும். கடனில் வாங்குகிறவர் இந்தப் பேச்சை முதல் நாளே முடித்துவிடுவது நல்லது.

விலை 50 லட்சத்தைத் தொட்டுவிட்டால் வாங்குகிறவர் விலையிலிருந்து 1 சதவீதத்தை வரியாக (டி.டி.எஸ்.) பிடித்து, விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும். இதையும் கிரயத்துக்கு முந்தின நாள்தான் பலருக்குச் சொல்கிறார்கள்.

மலைமேல் வாங்கினால்

சேர்வராயன் மலையில், ஏற்காட்டில் வீடோ மனையோ பார்ப்பவர்களுக்கு மேலே சொன்னவை எல்லாம் உண்டு, அதற்கு மேலும் சில உண்டு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் ஒரு பொறியாளர் மதிப்புப் போட வேண்டும். பக்கத்தில் சமீபத்தில் நடந்த விற்பனைகள் குறைவு என்பதால் அவர் கையை இறுக்கித்தான் எழுதுவார்.

ஏற்காடு, ஹாகா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருகிறது. அதன் அனுமதி பெற்ற கட்டடமா என்பதுதான் வக்கீல் முதலில் பார்ப்பது. காபித் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற மனையென்றால் இன்னொரு கேள்வி கிளம்பும். 1961-ன் நில உச்சவரம்புச் சட்டம் தோட்டப் பயிர் நிலங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. தோட்டம் மனையாகும்போது அந்த விலக்குக்கான அடிப்படையே ஆட்டம் காண்கிறது. மலைவாழ் மக்களுக்கோ நிலமற்றவர்களுக்கோ அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலம் கைமாறி வந்திருந்தால் பெரும்பாலும் கடன் இல்லை. வாங்குவதே ஆபத்து. தரகர் காட்டும் மேகத்தையும் வியூ பாயின்ட்டையும் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், கீழே சேலத்தில் வங்கிக் கிளையில் "ஏற்காட்டுச் சொத்துக்குக் கொடுப்பீர்களா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில கிளைகள் அந்தக் கேள்விக்கே இல்லை என்றுவிடும்.

ஒப்பந்தத்தில் ஓடும் கடிகாரம்

ஒப்பந்தக் கெடு ஒரு பக்கம் ஓடுகிறது, வங்கியின் ஃபைல் அதன் போக்கில் நகர்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இறுதி ஒப்புதலை இத்தனை நாளுக்குள் தந்தாக வேண்டும் என்று வங்கியைக் கட்டிப்போடும் சட்டக் கெடு எதுவும் கிடையாது. கெடுவுக்குள் பணம் வராவிட்டால் "அட்வான்ஸ் போச்சு" என்ற வரி மட்டும் ஒப்பந்தத்தில் தவறாமல் இருக்கும். தரகரின் கம்ப்யூட்டரில் கிடக்கும் மாதிரிப் படிவத்தில் அது அச்சாகவே இருக்கிறது.

ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லலாம். சொத்தின் சட்டக் குறையால் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுதாகத் திரும்ப வேண்டும். வக்கீல் கேட்கும் ஆவணத்தை விற்பவர் தர எடுத்துக்கொள்ளும் நாட்கள் கெடுவில் சேரக் கூடாது. மதிப்பீடு இத்தனை லட்சத்துக்குக் கீழே வந்தால் விலகிக்கொள்ளலாம். மூன்றாவதை விற்பவர்கள் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. முதல் இரண்டுக்கும் நியாயமான விற்பவர் யாரும் மறுக்க மாட்டார். மறுத்தால் அந்தப் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டியதுதான்.

இன்னும் நல்ல வழி, ஒப்பந்தத்துக்கு முன்பே லீகல் பார்த்துவிடுவது. சிறிய டோக்கன் தொகை கொடுத்து, பத்திர நகல்களை வாங்கி வங்கியின் பட்டியல் வக்கீலிடமே காட்டினால், கடிகாரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே க்வெரி வெளியே வந்துவிடும். சில ஆயிரம் ரூபாய் செலவு. அட்வான்ஸ் லட்சத்தில் போகிறது என்பதை நினைத்தால் இது பெரிய காசில்லை.

காத்திருக்கும் நாட்களில் வேலை மாறாதீர்கள், புது போனைத் தவணையில் வாங்காதீர்கள், இ.எம்.ஐ. எதுவும் தவறவிடாதீர்கள். பணம் விடுவிப்பதற்கு முன் பல வங்கிகள் சிபிலை மறுபடி பார்க்கும். அவசரத்தில் ஐந்தாறு வங்கிகளில் விண்ணப்பித்தால் ஒவ்வொன்றும் ஒரு விசாரணையாகப் பதிவாகி மதிப்பெண்ணைக் கொஞ்சம் இறக்கும். இரண்டு போதும். "லீகல்ல இருக்கு" என்று பதில் வந்தால், க்வெரி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். விற்பவர் தர வேண்டிய காகிதம் ஒன்றுக்காக ஃபைல் காத்திருக்கும், அதை அவரிடம் யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். இப்படிக் கழியும் வாரங்கள் நிறைய.

மறுத்துவிட்டால்

கடனை மறுத்தால், அதற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி. கேட்டு வாங்குங்கள். சேவைக் குறைபாடு இருந்து, புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் கொடுக்கச் சொல்லி அவர் உத்தரவிட மாட்டார். கொடுப்பதும் கொடுக்காததும் வங்கியின் வணிக முடிவு. கட்டணம் பிடித்தது, தகவல் தராதது, ஆவணத்தை வைத்துக்கொண்டது போன்றவற்றுக்கே அங்கே பலன் உண்டு.

காரணம் உங்கள் வருமானம் என்றால் இணை விண்ணப்பதாரரைச் சேர்க்கலாம், தொகையைக் குறைக்கலாம், வேறிடம் போகலாம். காரணம் வீடு என்றால் வங்கி மாற்றிப் பயனில்லை, அடுத்த வக்கீலும் அதே கண்ணியில்தான் நிற்பார். வீட்டை விட்டுவிடத் தீர்மானித்தால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தங்களையும் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், பதிவு செய்த உங்கள் ஒப்பந்தம் இ.சி.யில் ஏறியிருக்கும். ரத்துப் பத்திரம் பதியும் வரை அது அப்படியே நிற்கும். அட்வான்ஸைத் திரும்ப வாங்க உங்கள் கையில் இருக்கும் பிடி அதுதான். பணம் கணக்கில் வந்த பிறகு, அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள். போடாமல் விட்டால், அந்த வீட்டை அடுத்து வாங்க வருகிறவரின் வங்கி வக்கீல் உங்கள் பெயரைச் சுழித்து, இவர் யார் என்று க்வெரி போடுவார்.